மூவடுக்கு மசோதா: மெடிகேர் சட்டம் நிறைவேறிய வரலாறு

அமெரிக்காவில் 65 வயது நிறைந்தவர்களுக்கு அரசு வழங்கும் மருத்துவக் காப்பீடு மெடிகேர் எனப்படும். ஏழைகளின் மருத்துவச் செலவை மத்திய அரசும் மாநில அரசுகளும் பங்கிட்டு ஏற்கும் திட்டம் மெடிகெய்ட் எனப்படும். இவ்விரண்டும் 1965ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் கையெழுத்தான ஒரே சட்டத்தில் பிறந்தவை. ஆயினும் முதியவரின் மருத்துவமனைச் செலவுக்கு உழைப்போர் சம்பளத்தில் பிடிக்கப்படும் வரியும், அதே முதியவரைப் பார்க்கும் மருத்துவரின் கட்டணத்துக்கு மாதச் சந்தாவும் அரசின் பொது வருவாயும், ஏழையின் சிகிச்சைக்கு மாநிலந்தோறும் விதி மாறும் மானியமும் என மூன்று தனித்தனி வாய்க்கால்களில் பணம் பாய்வதைக் காண்பவர், இது எவருடைய திட்டம் என்று கேட்கக்கூடும். உண்மையில் அது தனியொருவரின் திட்டமும் அன்று, ஒரு கட்சியின் திட்டமும் அன்று. பிளவுபட்ட ஒரு சட்டமன்றத்தில் ஒன்றையொன்று வீழ்த்துவதற்காகக் கொண்டுவரப்பட்ட மூன்று மசோதாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதால் உருவான கட்டடம் அது.

அமெரிக்கச் சட்டமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். அது கட்சியின் பெயரன்று, பிரதிநிதிகள் சபை, செனட் என்னும் இரு அவைகள் சேர்ந்த மன்றத்தின் பெயர். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மன்றத்தில் பெரும்பாலான ஆண்டுகள் ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மை வகித்தது என்றாலும், அக்கட்சிக்குள்ளேயே வடபகுதித் தொழில் நகரங்களின் உறுப்பினர்கள் ஒரு பக்கமும் தென்மாநில உறுப்பினர்கள் மறுபக்கமுமாக நின்றனர். தென்மாநிலத்தார் ஒரே தொகுதியில் மீண்டும் மீண்டும் வென்று மூப்புப் பெற்றவர்கள். மூப்பின் வரிசைப்படியே குழுத் தலைமை கிடைத்த அக்காலத்தில், முக்கியக் குழுக்கள் பலவும் அவர்கள் கையில் இருந்தன. சமூக நலச் சட்டங்கள் வரும்போதெல்லாம் இவர்கள் எதிரணியான குடியரசுக் கட்சியினரோடு சேர்ந்து வாக்களித்தனர். ஆகவே கட்சிவாரியான எண்ணிக்கையை மட்டும் வைத்து அக்கால வாக்கெடுப்புகளைக் கணித்தால் கணக்கு தப்பிவிடும்.

நாட்டு மக்கள் அனைவருக்கும் மருத்துவக் காப்பீடு என்னும் கோரிக்கை, வாக்னர், மர்ரே, டிங்கெல் ஆகிய மூவரின் பெயரால் 1943இல் மசோதாவாக வந்தது. குடியரசுத் தலைவர் ஹாரி ட்ரூமன் 1945 நவம்பர் 19 அன்று காங்கிரஸுக்கு அனுப்பிய செய்தியில் அதைத் தம் அரசின் கொள்கையாகவே அறிவித்தார். அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனைச் சமதர்ம மருத்துவம் என்று பழித்து, உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டாலர் தண்டி, விட்டேக்கர், பாக்ஸ்டர் என்னும் தம்பதியர் நடத்திய விளம்பர நிறுவனத்தை அமர்த்தி, 1949ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 15 லட்சம் டாலர் செலவிட்டது. பனிப்போர் தொடங்கிவிட்ட அந்நாளில் அந்த ஒரு சொல்லே போதுமானதாக இருந்தது. மசோதா குழுவைத் தாண்டவில்லை.

தோல்விக்குப் பின் சீர்திருத்தக்காரர்கள் தங்கள் கோரிக்கையைச் சுருக்கிக்கொண்டனர். வேலையிலிருந்து ஓய்வுபெற்றதால் நிறுவனக் காப்பீட்டை இழந்தவர்களும், நோய் மிகுதியால் தனியார் காப்பீட்டாரால் ஒதுக்கப்பட்டவர்களும் முதியவர்களே என்பதால், சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியம் பெறும் முதியோருக்கு மருத்துவமனைச் செலவை மட்டும் காப்பீடு செய்தால் போதும் என்ற நிலைக்கு அவர்கள் வந்தனர். ரோட் ஐலண்டு உறுப்பினர் எய்ம் ஃபோராண்ட் 1957இல் இதற்கான மசோதாவைக் கொண்டுவந்தார். அதன் வேகத்தைத் தணிக்க 1960இல் கெர்-மில்ஸ் சட்டம் இயற்றப்பட்டது. மருத்துவச் செலவைத் தாங்க இயலாத முதியோருக்கு உதவும் மாநிலங்களுக்கு மத்திய மானியம் தருவது அதன் சாரம். விரும்பிய மாநிலம் சேரலாம் என்றிருந்ததால், செல்வ வளம் மிக்க சில மாநிலங்களே பெரும்பகுதி நிதியைப் பெற்றன. உதவி மிகவும் தேவைப்பட்ட ஏழை மாநிலங்கள் தங்கள் பங்கைப் போட வழியின்றி நின்றன.

கென்னடி ஆட்சியில் மருத்துவமனைக் காப்பீடு கிங்-ஆண்டர்சன் மசோதா என்னும் பெயரில் மீண்டும் வந்தது. 1962 ஜூலை 17 அன்று செனட்டில் அதன் திருத்திய வடிவம் 52க்கு 48 என்ற வாக்குக் கணக்கில் ஓரங்கட்டப்பட்டது. ஜனநாயகக் கட்சிக்கு 64 உறுப்பினர்கள் இருந்த அவையில் அக்கட்சியினர் 21 பேர் தங்கள் தலைவருக்கு எதிராக வாக்களித்தனர். 1964 செப்டம்பரில் செனட் 49க்கு 44 என ஏற்றுக்கொண்டபோதும், இரு அவைகளின் வேறுபாடுகளைத் தீர்க்கக் கூடும் கூட்டுக்குழுவில் அது முடங்கிப்போனது. முடக்கியவர்களில் முதன்மையானவர் அர்கன்சா மாநிலத்து வில்பர் மில்ஸ்.

மில்ஸ் 1958 முதல் பிரதிநிதிகள் சபையின் வழிவகைக் குழுவுக்குத் தலைவர். வரி தொடர்பான மசோதா எதுவும் 25 உறுப்பினர் கொண்ட அந்தக் குழுவில்தான் உருப்பெற வேண்டும். சமூகப் பாதுகாப்பும் வரியால் நடப்பது என்பதால் அதுவும் அக்குழுவின் ஆளுகைக்குள் வந்தது. அங்கிருந்து அவைக்கு வரும் மசோதாவில் உறுப்பினர்கள் திருத்தம் கொண்டுவர இயலாது, அப்படியே ஏற்கலாம் அல்லது தள்ளலாம் என்பது வழக்கம். போதாததற்கு, ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் எந்தெந்தக் குழுவில் இடம்பெறுவர் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அக்குழுவின் ஜனநாயக உறுப்பினர்களிடமே இருந்தது. இத்தகைய அதிகாரம் உள்ளவர் அதை அள்ளி இறைப்பார் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு மில்ஸ் ஒரு புதிராக இருந்தார். தோற்கக்கூடிய மசோதாவை அவைக்குக் கொண்டுவருவதை அவர் அறவே வெறுத்தார். ஓய்வூதியத்துக்கென வாங்கும் வரி, ஏறிக்கொண்டே போகும் மருத்துவச் செலவால் விழுங்கப்பட்டுவிடும் என்னும் கணக்காளரின் அச்சமும் அவருக்கு உண்மையாகவே இருந்தது. அவரைப் பிற்போக்காளர் என்று மட்டும் முத்திரை குத்தும் எழுத்துகள் இந்த அச்சத்தைக் கருத்தில் கொள்வதில்லை. பின்னாளைய செலவுக் கணக்குகள் அவர் பக்கமே சாட்சி சொல்கின்றன.

1964 நவம்பர்த் தேர்தலில் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் பெருவெற்றி பெற்றபோது, பிரதிநிதிகள் சபையில் அவரது ஜனநாயகக் கட்சியின் பலம் 295 ஆகவும் எதிரணியின் பலம் 140 ஆகவும் மாறியது. வழிவகைக் குழுவிலும் 15க்கு 10 என்றிருந்த விகிதம் 17க்கு 8 ஆனது. மசோதா இனி எப்படியும் வரும் என்று கண்டுகொண்ட எதிர்ப்பாளர்கள் தங்கள் மாற்று மசோதாக்களை எடுத்து வந்தனர். மருத்துவச் சங்கம் ஆதரித்த மசோதா, மாநிலங்களுக்கு மானியம் தந்து ஏழை முதியோருக்குத் தனியார் காப்பீடு வாங்கித் தருவது, அதாவது கெர்-மில்ஸ் முறையை அகலப்படுத்துவது. குழுவின் மூத்த குடியரசுக் கட்சி உறுப்பினரான விஸ்கான்சின் ஜான் பைர்ன்ஸ் கொண்டுவந்ததோ, விரும்பியவர் சந்தா கட்டிச் சேரும் காப்பீடு. மருத்துவர் கட்டணமும் அதில் அடங்கும், சந்தா போக மீதியைப் பொது வருவாய் ஏற்கும். அரசின் மசோதா மருத்துவமனைச் செலவை மட்டுமே தருகிறது, மருத்துவர் கட்டணத்துக்கு அதில் வழியில்லை என்று மருத்துவச் சங்கம் நாடெங்கும் விளம்பரம் செய்தது. அரசு மிகுதியாகத் தலையிடுகிறது என்று 20 ஆண்டுகளாக முழங்கிய சங்கம், அரசு தருவது போதாது என்று முழங்கத் தொடங்கியபோது சொந்த வாயாலேயே சிக்கிக்கொண்டது.

1965 மார்ச் 2 அன்று குழுக் கூட்டத்தில் பைர்ன்ஸ் தம் மசோதாவை விளக்கி முடித்ததும், மில்ஸ் சுகாதாரத் துறையின் வில்பர் கோஹனை நோக்கி, மூன்றையும் ஏன் சேர்க்கக் கூடாது என்னும் பொருள்படக் கேட்டார். அரசின் மசோதா சம்பள வரியில் நடக்கும் மருத்துவமனைக் காப்பீடாகவும், பைர்ன்ஸின் மசோதா மருத்துவர் கட்டணத்துக்கான விருப்பக் காப்பீடாகவும், மருத்துவச் சங்கத்தின் மசோதா ஏழைகளுக்கான மாநில மானியமாகவும் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தன. மூன்றடுக்குக் கேக் என்று அன்றே அதற்குப் பெயர் வந்தது. இதில் பெருந்தன்மையைவிடத் தற்காப்பே மிகுதி. மருத்துவமனைச் செலவு மட்டும் கிடைக்கும் என்று சட்டம் செய்து, மருத்துவர் கட்டணமும் கிடைக்கும் என்று நம்பிய முதியோர் ஏமாந்தால், அடுத்த தேர்தலிலேயே அதையும் சம்பள வரியில் சேர்க்கும் நெருக்கடி வரும்; அதனை இப்போதே பொது வருவாயின் கணக்கில் எழுதிவிட்டால் ஓய்வூதிய வரிக்கு அணை போட்டதாகும். ஏழைகளுக்கான அடுக்கும் அப்படியே, முதியோர் காப்பீடு எல்லா வயதினருக்கும் விரிவதற்கு எதிரான வேலியாகக் கருதப்பட்டது.

மார்ச் 23 அன்று குழு 17க்கு 8 என்று ஏற்றது. ஏப்ரல் 8 அன்று பிரதிநிதிகள் சபை 313க்கு 115 என்று நிறைவேற்றியதையே வரலாற்று நூல்கள் எடுத்துச் சொல்கின்றன. உண்மையான போர் அதற்குச் சற்று முன்பே முடிந்திருந்தது. மசோதாவைக் குழுவுக்குத் திருப்பியனுப்பி அதற்குப் பதில் பைர்ன்ஸின் மசோதாவை வைக்க வேண்டும் என்ற தீர்மானம் 191க்கு 236 என்று தோற்றது. 63 ஜனநாயகக் கட்சியினர் அத்தீர்மானத்தை ஆதரித்திருந்தனர். 23 பேர் மனம் மாறியிருந்தால் மெடிகேர் இன்றைய வடிவில் இருந்திராது. அத்தீர்மானம் தோற்றபின், இனி எதிர்ப்பதில் பயனில்லை என்று கண்ட பலர் இறுதி வாக்கெடுப்பில் ஆதரவு வரிசைக்கு வந்து சேர்ந்தனர்.

செனட்டில் நிதிக்குழுவின் தலைவர் வர்ஜீனியாவின் ஹாரி பேர்ட், மசோதாவை வெளிப்படையாக எதிர்த்தவர். மார்ச் இறுதியில் ஜான்சன் அவரைத் தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன் அமர்த்தி, விசாரணையை விரைந்து நடத்தத் தடை ஏதும் உண்டா என்று வினவி, இல்லை என்ற விடையை நாடறிய வாங்கிக்கொண்டார். ஜூலை 9 அன்று செனட் 68க்கு 21 என்று நிறைவேற்றியபோது, இரு வடிவங்களுக்கும் இடையே 500க்கும் மேற்பட்ட வேறுபாடுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று இங்குக் குறிப்பிடத்தக்கது. மருத்துவமனைக்குள்ளேயே பணிபுரியும் கதிரியக்க, நோயியல், மயக்கவியல் மருத்துவர்களின் ஊதியம் மருத்துவமனைச் செலவா, மருத்துவர் கட்டணமா என்ற கேள்வியில், அது மருத்துவமனைச் செலவே என்றது செனட்; கூட்டுக்குழுவில் மில்ஸ் பிடிவாதமாக நின்று அதைக் கட்டண அடுக்குக்கு மாற்றினார். மருத்துவமனைகளுக்கு நியாயமான அடக்கச் செலவையும், மருத்துவர்களுக்கு அவர்கள் வழக்கமாக வாங்கும் கட்டணத்தையும் தருவது என்ற ஏற்பாடும், மருத்துவத் தொழிலில் மத்திய அரசு தலையிடாது என்று சட்டத்தின் முகப்பிலேயே எழுதிவைத்த உறுதியும் எதிர்ப்பைத் தணிக்கக் கொடுத்த விலைகள். செலவைக் கட்டுப்படுத்தும் கருவி எதுவும் அரசின் கையில் மிஞ்சவில்லை.

அடுக்குகளின் பிரிவு இன்னொரு களத்திலும் பலித்தது. மத்திய நிதி பெறும் எந்த நிறுவனமும் இனப்பாகுபாடு காட்டலாகாது என்று 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் கூறியிருந்ததால், மெடிகேர் பணம் வேண்டிய தென்மாநில மருத்துவமனைகள் 1966 ஜூலை 1 அன்று திட்டம் தொடங்குவதற்குள் கறுப்பினத்தவருக்கெனத் தனியாக வைத்திருந்த வார்டுகளை ஒழிக்க வேண்டியதாயிற்று. சில மாதங்களில் மிகப் பெரும்பாலானவை அவ்வாறே செய்தன. ஆனால் இரண்டாம் அடுக்கின் பணம் மருத்துவருக்கு அரசு தரும் உதவியன்று, நோயாளிக்குரிய காப்பீட்டுத் தொகையே என்று துறை விளக்கம் சொன்னதால், தனி மருத்துவர்களின் சிகிச்சை அறைகளை அந்த விதி எட்டவில்லை.

ஜான்சன் மிசௌரி மாநிலத்தின் இண்டிபெண்டன்ஸ் நகருக்குச் சென்று ட்ரூமனின் முன்னிலையில் கையெழுத்திட்டார். இரண்டாம் அடுக்கின் சந்தா மாதம் 3 டாலர் என்றும், அரசு அதற்கு இணையாக 3 டாலர் இடும் என்றும் வகுக்கப்பட்டது. மூன்றாம் அடுக்கோ, மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டதால் சீராக வளரவில்லை. அதன் செலவைக் கண்டு 1967இலேயே வருமான வரம்பை இறுக்கியவர் மில்ஸ்தான், கடைசி மாநிலமான அரிசோனா சேர்ந்தது 1982இல். 2010 மார்ச் 21 அன்று பிரதிநிதிகள் சபை 219க்கு 212 என்று ஏற்ற ஒபாமா காலத்துச் சட்டம், அதே மூன்றாம் அடுக்கை நாடெங்கும் ஒரே வருமான வரம்புக்கு உயர்த்த முயன்றது. 2012இல் உச்ச நீதிமன்றம் அவ்விரிவாக்கத்தை மாநிலங்களின் விருப்பமாக்கியதும் நாடு மீண்டும் பழைய கோட்டிலேயே பிரிந்தது. மெடிகேரில் சேரும் முதியவருக்கு இன்றும் அனுப்பப்படும் அட்டையில் மருத்துவமனை என்று ஒரு வரியும் மருத்துவம் என்று மற்றொரு வரியும், ஒவ்வொன்றுக்கும் எதிரே அது தொடங்கும் தேதியும் தனித்தனியாக அச்சாகியிருக்கின்றன.