திரவப் படிகம் திரையான வரலாறு

சின்தசைஸர் என்னும் மின்னணு இசைக்கருவியை மேடைகளில் பார்த்திருப்பீர்கள். கட்டைகளுக்கு மேலே சிறியதொரு கண்ணாடித் திரை இருக்கும். அதில் ஓரிரு வரி எழுத்துகள் தோன்றும். பழைய கருவி ஒன்றில் இந்தத் திரை வெறுமையாகிவிட்டால், "கருவி போய்விட்டது" என்று அதை மூலையில் போட்டுவிடுவோர் பலர். அவசரப்பட வேண்டாம். ஒரு கட்டையை அழுத்திப் பாருங்கள். ஒலி வந்தால், இசையை உண்டாக்கும் பகுதி நன்றாகவே இருக்கிறது. பழுது பெரும்பாலும் திரையைச் சார்ந்ததே. அது எங்கே என்று அறிய, திரை பிறந்த வரலாறு நமக்குத் துணை செய்யும்.

இவ்வரலாறு தொடங்குவது கேரட் கிழங்கில்! ஆஸ்திரியத் தாவரவியலார் பிரீட்ரிக் ரைனிட்சர் பிராக் நகரில் கேரட்டிலிருந்து கிடைத்த கொலஸ்ட்ராலை ஆராய்ந்துவந்தார். 1888-ல் அதன் சேர்மம் ஒன்றைச் சூடேற்றியபோது விந்தை ஒன்றைக் கண்டார். 145.5 டிகிரி செல்சியஸில் அது உருகிக் கலங்கலான திரவமாயிற்று, 178.5 டிகிரியில் அக்கலங்கல் மறைந்து தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? அவர் ஜெர்மானிய இயற்பியலார் ஓட்டோ லேமனுக்கு எழுதி, மாதிரியையும் அனுப்பினார். லேமன் தளவிளைவு ஒளி நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். கலங்கிய நிலையில் அது திரவம்போல் ஓடியது. ஆனால் ஒளியைப் படிகம்போல் கையாண்டது. மூலக்கூறுகள் நகர்ந்துகொண்டே ஒரே திசை நோக்கி நிற்பதுதான் காரணம். இதுவே திரவப் படிகம்.

ஏறத்தாழ 80 ஆண்டுகள் இது ஆய்வகப் புதிராகவே இருந்தது. 1968-ல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையரின் குழு, திரவப் படிகத்தில் மின்சாரத்தால் எழுத்துகளைக் காட்டியது. 1970-ன் இறுதியில் சுவிட்சர்லாந்தில் மார்ட்டின் ஷாட், உல்ப்காங் ஹெல்ப்ரிஷ் இருவரும் சிறந்த வழி ஒன்றைக் கண்டனர். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே மூலக்கூறுகள் படிப்படியாக 90 டிகிரி முறுக்கப்பட்டு நிற்கும். இந்த முறுக்கு ஒளியின் தளத்தையும் திருப்பும். அதனால் குறுக்காக வைத்த இரு தளவிளைவுத் தாள்களின் வழியே ஒளி செல்லும். சில வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்து முறுக்கு அவிழும். அந்த இடம் கருக்கும். அக்கருமையே எழுத்து.

அன்றைய திரவப் படிகங்கள் விரைவில் கெட்டுப்போயின. பிரிட்டனின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரேயின் குழு அறை வெப்பநிலையிலும் நிலைத்து நிற்கும் சேர்மங்களை 1973-ல் அறிவித்த பின்னரே நீடித்து உழைக்கும் திரைகள் வந்தன. இத்துறையில் நம் நாட்டின் பங்கும் உண்டு. 1977-ல் பெங்களூர் இராமன் ஆய்வு நிலையத்தில் எஸ்.சந்திரசேகரும் உடனாய்வாளர்களும் தட்டுவடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று காட்டினர். பக்கவாட்டிலிருந்தும் திரை தெளிவாகத் தெரிய உதவும் மென்படலங்களில் இத்தகைய மூலக்கூறுகள் பின்னாளில் பயன்பட்டன.

இனி இசைக்கருவிக்கு வருவோம். 1970-ல் வந்த மினிமோக் சின்தசைஸரில் திரையே கிடையாது. ஒலியின் தன்மைகளுக்குத் தனித்தனித் திருகுகள் இருந்தன. 1983-ல் யமஹா டிஎக்ஸ்-7 வந்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவ்னிங் கண்ட முறையில் இயங்கிய அதில், ஓர் ஒலியை அமைக்க நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் தேவை. அத்தனைக்கும் திருகு வைக்க இயலுமா? பொத்தான்களும், வரிக்கு 16 எழுத்து வீதம் இரண்டு வரி காட்டும் திரவப் படிகத் திரையும் அவ்விடத்தைப் பிடித்தன. இத்திரை மிகக் குறைந்த மின்சாரமே கொள்வதால், 1984-ல் வந்த காசியோ சிஇசட்-101 போன்ற சிறு கருவிகள் பேட்டரியிலேயே இயங்கின. ஆனால் திரை மறைந்தால் வாசிக்கலாமே தவிர, ஒலியைத் திருத்துவது இருட்டில் ஊசியில் நூல் கோப்பது போலத்தான்.

இப்போது பழுதைத் தேடுவோம். முதலில், திரவப் படிகம் தானே ஒளிர்வதில்லை என்பதை நினைவிற் கொள்ளுங்கள். டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். எழுத்து மங்கலாகத் தெரிந்தால் திரை நலமே, பின்னொளிதான் அணைந்திருக்கிறது. பல பழைய கருவிகளில் பின்னொளி தருவது, 1936-ல் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ விளக்கிய, துத்தநாக சல்பைடு மின்புலத்தில் ஒளிரும் விளைவு. இவ்வகைத் தாள் சில ஆயிரம் மணி நேரத்தில் மங்கிவிடும், அதை மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது, மின்னழுத்தம். அது குறைந்தால் எழுத்தே தோன்றாது. மிகுந்தால் திரை முழுதும் கருக்கும். எனவே எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை இரு பக்கமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு வரி முழுதும் கறுப்புக் கட்டங்களாக நின்றால், மின்சாரம் வருகிறது, கட்டளைதான் வரவில்லை என்று பொருள்; இணைப்புக் கம்பிகளைச் சோதிக்க வேண்டும். சில கோடுகள் மட்டும் விடுபட்டால், கண்ணாடியையும் மின்சுற்றுப் பலகையையும் இணைக்கும் ரப்பர் பட்டையில் அழுக்கோ தளர்வோ இருக்கலாம்.

மூன்றாவது, வெப்பம். வெயிலில் நின்ற காரில் வைத்திருந்த கருவியின் திரை முழுதும் கறுத்திருந்தால், குளிரும்வரை பொறுங்கள். ரைனிட்சர் கண்ட இரண்டாம் உருகுநிலையே இங்கு நம் கண்முன் நிகழ்கிறது! அந்நிலையைத் தாண்டினால் திரவப் படிகம் சாதாரணத் திரவமாகி, ஒளியின் தளத்தைத் திருப்பும் ஆற்றலை இழக்கும். குளிர்ந்ததும் ஒழுங்கு திரும்பிவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். மின்னிணைப்பைப் பிடுங்காமல் மூடியைத் திறக்காதீர்கள். ஒளிரும் தாளை இயக்கும் சுற்றில் 100 வோல்ட் அளவில் மின்னழுத்தம் இருக்கும். உள்ளே சிறிய லித்தியம் பேட்டரி இருந்தால் அதைக் கழற்றும் முன் சிந்தியுங்கள். டிஎக்ஸ்-7 போன்ற கருவிகளில், கலைஞர் பல ஆண்டுகள் உழைத்து அமைத்த ஒலிகளை நினைவில் வைத்திருப்பது அதுதான். கழற்றினால் அவை அழிந்துவிடும். முதலில் அவற்றை வேறிடத்தில் பதிந்துகொள்ள வேண்டும். திரையை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அழிந்த ஒலியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.