காட்டுக்குப் போனால் உடம்பு தேறுமா?

கோடை விடுமுறை. கொடைக்கானல் பக்கமோ ஏலகிரி பக்கமோ போய், குடும்பத்தோடு கூடாரம் போட்டு இரண்டு நாள் தங்கலாம் என்று கிளம்புகிறீர்கள். கார் டிக்கியில் சிப்ஸ் பாக்கெட், நூடுல்ஸ், கூல்டிரிங்க்ஸ் எல்லாம் ஏறியாச்சு. அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்: 'நல்ல காத்து வாங்கத்தானே போறோம்? அங்கேயும் இந்தக் குப்பையைத்தான் தின்னணுமா?' உடனே பதில் குரல்: 'ரெண்டு நாள்தானே, விடுங்க... மலைக்காத்துக்கு எல்லாம் செரிச்சிடும்!'

சிரிக்காதீர்கள். இந்தச் சண்டைக்கு நூற்றைம்பது வயதுக்கு மேல் ஆகிறது. உடம்பைத் தேற்றுவது காற்றா, சாப்பாடா, ஓய்வா? இதற்கு விடை தேடிய கதையில் ஒரு பாதிரியார் வருகிறார், சாகக் கிடந்த ஒரு டாக்டர் வருகிறார், பதினைந்து முயல்கள் வருகின்றன. கடைசியில் நம்ம சென்னையும் வருகிறது!

முதலில் பாதிரியார். பெயர் வில்லியம் மர்ரி. அமெரிக்காவில், பாஸ்டன் நகரத்துப் பெரிய சர்ச் ஒன்றில் போதகர். நியூயார்க் மாநிலத்தின் வடக்கே அடிராண்டாக் என்று ஒரு மலைக்காடு இருக்கிறது. ஏரியும் பைன் மரமுமாக அமர்க்களமான இடம். லீவு கிடைத்தால் மர்ரி அங்கே ஓடிவிடுவார். அந்த அனுபவத்தை 1869-ல் புத்தகமாகப் போட்டார். எப்படிப் போகவேண்டும், என்ன எடுத்துப் போகவேண்டும், என்ன சாப்பாடு கிடைக்கும் என்று புட்டுப்புட்டு வைத்தார். மான் கறி, ஏரி மீன், உருளைக்கிழங்கு, மேப்பிள் பாகு ஊற்றிய பான்கேக் என்று அவர் போட்ட பட்டியலைப் படித்தாலே நாக்கில் எச்சில் ஊறும். பெண்களும் தாராளமாக வரலாம் என்றார். அதுவரை காட்டில் படுத்துத் தூங்கியவர்கள் வேட்டைக்காரர்கள், மரம் வெட்டிகள், சிப்பாய்கள். ஊர்க்காரர்கள் பொழுதுபோக்காகவும் அதைச் செய்யலாம் என்று பெரிய அளவில் நம்ப வைத்தது இந்தப் புத்தகம்தான்.

அதில் ஒரு குட்டிக் கதையும் இருந்தது. டாக்டர்கள் கைவிட்ட காசநோய்க்கார இளைஞன் ஒருவனைக் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு போனார்களாம். ஐந்தே மாதத்தில் கட்டுமஸ்தாக நடந்து வெளியே வந்தானாம்!

அந்தக் காலத்தில் காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வீட்டுக்கு வீடு சாவு. 'காட்டுக்குப் போனால் பிழைக்கலாம்' என்று அச்சில் பார்த்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? அந்தக் கோடையில் ஆயிரக்கணக்கானவர்கள் மூட்டை முடிச்சோடு அடிராண்டாக்கில் வந்து இறங்கினார்கள். கெட்ட நேரம், அந்த வருஷம் ஒரே மழை, குளிர். போதாததற்குக் கறுப்பு ஈக்கள் மொய்த்துக் கடித்துக் குதறின. 'அது ஒன்றும் செய்யாது' என்று எழுதியிருந்தார் மர்ரி! படுக்க இடமில்லை, வழிகாட்டிகள் கிடைக்கவில்லை. பிழைக்கலாம் என்று நம்பி வந்த நோயாளிகளில் சிலர் அங்கேயே இறந்துபோனார்கள். வந்தவர்களுக்குப் பத்திரிகைகள் ஒரு பட்டப்பெயர் வைத்தன – 'மர்ரியின் முட்டாள்கள்'.

ஆக, மர்ரி சொன்னது முழுப் பொய்யா? அங்கேதான் அடுத்த ஆள் வருகிறார்.

டாக்டர் எட்வர்ட் லிவிங்ஸ்டன் ட்ரூடோ. நியூயார்க்காரர். காசநோய் வந்த அண்ணனைப் பக்கத்திலேயே இருந்து, ஜன்னலைக்கூடத் திறக்காத அறையில் கவனித்துக்கொண்டவர். காற்று பட்டால் நோய் முற்றும் என்பது அன்றைய டாக்டர்களின் கட்டளை. அண்ணன் போனார். சில வருஷங்களில் தம்பிக்கும் அதே நோய். வயது இருபத்தைந்துகூட இருக்காது. எப்படியும் சாகப் போகிறோம், பிடித்த இடத்தில் சாவோம் என்று 1873-ல் அடிராண்டாக்குக்குப் போனார். விடுதியில் அவரைக் கையில் தூக்கி மாடிக்குக் கொண்டுபோனவர், 'காய்ந்த ஆட்டுக்குட்டித் தோல் எடைகூட இல்லையே டாக்டர்' என்று கிண்டல் செய்தாராம். படகில் மெத்தை போட்டுப் படுக்க வைத்து ஏரியில் அழைத்துப் போனார்கள். திறந்த வெளி, வயிறாரச் சாப்பாடு, நாளெல்லாம் ஓய்வு. சில மாதத்தில் எடை ஏறியது. காய்ச்சல் இறங்கியது.

ஊர் திரும்பினார். நோயும் திரும்பியது! சரி, இனி காடுதான் கதி என்று மனைவி, இரண்டு குழந்தைகளோடு பனிக்காலத்திலும் அங்கேயே தங்கினார். ஊர்க்காரர்கள் பைத்தியம் என்றுகூட நினைத்திருக்கலாம். ஆனால் ட்ரூடோ சாகவில்லை. 1915 வரை இருந்தார்.

டாக்டர் அல்லவா... தான் பிழைத்த காரணம் தெரிய வேண்டாமா? 1882-ல் ராபர்ட் காக் ஜெர்மனியில் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாகச் செய்தி வந்தது. எல்லாம் கிருமியின் வேலை என்றால் காற்றுக்கும் சாப்பாட்டுக்கும் என்ன பங்கு? 1886-ல் பதினைந்து முயல்களைப் பிடித்தார். ஐந்துக்குக் கிருமியைச் செலுத்தி, இருட்டு நிலவறையில் பெட்டிக்குள் அடைத்து அரை வயிறு தீனி போட்டார். இன்னொரு ஐந்துக்குக் கிருமி இல்லை, ஆனால் ஆழமான ஈரக் குழிக்குள் அடைத்து, தினம் ஒரு சின்ன உருளைக்கிழங்கு மட்டும். மூன்றாவது ஐந்துக்குக் கிருமியைச் செலுத்தி, ஏரி நடுவே ஒரு குட்டித் தீவில் திறந்துவிட்டார். ஓட இடம், வெயில், காற்று, வேண்டிய மட்டும் தீனி.

முடிவு? முதல் ஐந்தில் நான்கு செத்துப்போயின. குழியில் கிடந்தவை எலும்பும் தோலுமாக ஆனாலும் அவற்றுக்குக் காசநோய் வரவில்லை. தீவில் ஓடியாடிய ஐந்தில் நான்கு பிழைத்தன!

கிருமி இல்லாமல் நோய் இல்லை. ஆனால் கிருமியோடு மல்லுக்கட்ட உடம்புக்குத் தெம்பு வேண்டும். இதுதான் முயல்கள் சொன்ன பாடம். அதற்கு முன்பே, 1885-ல், சாரனாக் லேக் என்ற ஊரில் ஒரு குட்டிச் சிவப்பு வீட்டில் ட்ரூடோ தன் சானடோரியத்தைத் தொடங்கியிருந்தார். முதலில் வந்தவர்கள் நியூயார்க்கில் வேலை பார்த்த இரண்டு ஏழைச் சகோதரிகள். பால், முட்டை, வராந்தாவில் சாய்வு நாற்காலி, பனி கொட்டினாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியேதான் படுக்கவேண்டும். கூட்டம் பெருகியது. பலர் பிழைத்தார்கள், பலர் பிழைக்கவில்லை. பிழைக்காதவர்களில் ட்ரூடோவின் மகள் சார்லட்டும் ஒருத்தி. 1893-ல் இறந்தாள். ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்ன அப்பாவால், அந்தக் காற்றும் பாலும் முட்டையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

சானடோரியம் என்ற அந்த ஏற்பாடு உலகம் முழுக்கப் பரவியது. மின்சார ரயிலில் போகும்போது 'தாம்பரம் சானடோரியம்' என்ற ஸ்டேஷனைப் பார்த்திருப்பீர்களே, அந்தப் பெயர் இப்படி வந்ததுதான். 1928-ல் டாக்டர் சவரி முத்து அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையை 1937-ல் அரசு எடுத்துக்கொண்டது.

பிறகு மருந்துகள் வந்தன. 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசின், 1952-ல் ஐசோனியாசிட். ட்ரூடோவின் சானடோரியமே 1954-ல் மூடப்பட்டது. ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. மாத்திரை சரி, நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் முழு ஓய்வும் கூடவே வேண்டாமா? அது இல்லாத ஏழைகள் என்ன செய்வார்கள்?

இதற்குப் பதில் சொன்னது சென்னை! 1956-ல் இங்கே தொடங்கிய ஆய்வு மையத்தில் 193 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில், நல்ல சாப்பாடு, படுக்கை ஓய்வு. மறு பாதி அவரவர் வீட்டில், நெரிசலான குடியிருப்பில், கிடைத்ததைத் தின்றுகொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு. இருவருக்கும் ஒரே மருந்து. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால், சானடோரியத்தில் 92 சதவிகிதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 சதவிகிதம். ஐந்து வருஷம் தொடர்ந்து கவனித்தபோது பெரிய வித்தியாசமே இல்லை. வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. 1959-ல் வெளிவந்த இந்த முடிவுதான், காசநோய்க்காரரைக் குடும்பத்தைவிட்டுப் பிரித்து மலையேற்றும் வழக்கத்துக்கு உலகம் முழுவதும் முற்றுப்புள்ளி வைக்க உதவியது.

அப்படியானால் ட்ரூடோவின் முயல்கள் பொய் சொன்னதா? இல்லை. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பங்களுக்கு அரிசி, பருப்பு என்று சத்தான ரேஷன் கொடுத்துப் பார்த்தார்கள். அந்த வீடுகளில் மற்றவர்களுக்குக் காசநோய் வருவது 39 சதவிகிதம் குறைந்தது. 2023-ல் வெளியான முடிவு இது. வந்த நோயை விரட்ட மருந்து, வராமல் தடுக்க நல்ல சாப்பாடு. இரண்டும் இரண்டு வேலை.

சரி, உங்கள் கார் டிக்கிக்கு வருவோம். சிப்ஸை இறக்கிவிட்டு அவித்த முட்டை, வேர்க்கடலை, வாழைப்பழம், கட்டுச்சோறு ஏற்றுங்கள். பிள்ளைகளைத் தீவு முயல்கள் மாதிரி ஓட விடுங்கள். ஆனால் வீட்டில் யாராவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால், 'மலைக்காத்து பட்டா சரியாப் போயிடும்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கிளம்புவதற்கு முன் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்துவிடுங்கள். பரிசோதனையும் இலவசம், மருந்தும் இலவசம். மர்ரியின் முட்டாள்களுக்கு அந்த வசதி இருக்கவில்லை!