நீதிமன்றத்தின் நண்பர் யாருக்கு நண்பர்?

2018 ஏப்ரல் 2 பாரத் பந்த் நம் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. வட மாநிலங்களில் தலித் இளைஞர்கள் உயிரையே கொடுத்தார்கள். அந்தப் போராட்டத்தைத் தூண்டிய தீர்ப்பு எப்படி உருவானது என்பதையும் மாணவத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மகாராஷ்டிர அதிகாரி ஒருவர், தன் மீதான வன்கொடுமை வழக்கை ரத்து செய்யக் கோரி உச்ச நீதிமன்றம் போனார். அது மகாஜன் வழக்கு. ஒரு தனிமனிதரின் மனு, சட்டமே தவறாகப் பயன்படுத்தப்படுகிறதா என்ற கேள்வியாக விரிந்தது. நீதிமன்றத்துக்கு உதவ மூத்த வழக்கறிஞர் அமரேந்திர சரண் நியமிக்கப்பட்டார். இப்படி உதவுபவரைத்தான் 'அமிகஸ் கியூரி', அதாவது நீதிமன்றத்தின் நண்பர் என்கிறோம். அவர் எந்தத் தரப்புக்கும் வக்கீல் அல்ல. அதனாலேயே அவர் சொல்லுக்குத் தனி எடை உண்டு.

புகார்தாரரின் சொல்லை மட்டும் நம்பி ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்கக் கூடாது என்று அவர் வாதிட்டார். 2015இல் முடிந்த 15,638 வழக்குகளில் 4,119இல் மட்டுமே தண்டனை, 11,024இல் விடுதலை என்ற கணக்கும் தீர்ப்பில் ஏறியது. 2018 மார்ச் 20 அன்று நீதிபதிகள் ஏ.கே.கோயல், யு.யு.லலித் அமர்வு, கைதுக்கு முன் மேலதிகாரியின் அனுமதி வேண்டும், வழக்குப் பதிவுக்கு முன் டி.எஸ்.பி. விசாரிக்கலாம் என்றது.

விடுதலையானால் புகார் பொய்யா? சாட்சி மிரட்டப்பட்டிருக்கலாம். போலீஸ் அரைகுறையாக விசாரித்திருக்கலாம். ஊரை நம்பிக் கூலிக்குப் போகிறவர் சமரசத்துக்குத் தள்ளப்பட்டிருக்கலாம். எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கதைகளை எண்ணிக்கை சொல்லாது.

வீதியில் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, அதே ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து முன்விசாரணையும் கைது அனுமதியும் தேவையில்லை என்றது. 2019 அக்டோபர் 1 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தக் கட்டளைகளைத் திரும்பப் பெற்றது. வழக்குகள் தோற்பதற்கு விசாரணைக் குறைபாடும் காரணம், பட்டியல் சாதியினர் சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துவார்கள் என ஊகிக்க முடியாது என்றது. 2020 பிப்ரவரியில் 18ஏ பிரிவும் செல்லும் என்று தீர்ப்பானது.

அமெரிக்காவில், பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்த 1954ஆம் ஆண்டின் பிரவுன் வழக்கிலும் நீதிமன்ற நண்பர்கள் இருந்தார்கள். அங்கே உரிமை அமைப்புகளே அந்த இடத்தில் நின்று கறுப்பின மக்களுக்காக எழுதிக் கொடுத்தன. ஆக, நண்பர் என்ற இருக்கையில் குற்றமில்லை. அங்கே எந்த அனுபவம் பேசுகிறது என்பதே கேள்வி.

பிள்ளைச்சாவடிக்கு டெல்லி தூரம்தான். ஆனால் புதுச்சேரி காவல் நிலையத்தில் நாம் கொடுக்கும் புகாரையும் அங்கே எழுதப்படும் தீர்ப்புதான் ஆள்கிறது. எனவே தோழர்களே, உங்கள் பகுதியில் விடுதலையில் முடிந்த வன்கொடுமை வழக்குகளின் தீர்ப்பு நகல்களை வாங்குங்கள். எந்தச் சாட்சி பிறழ்ந்தார், ஏன் பிறழ்ந்தார் என்று எழுதி வையுங்கள். அடுத்த முறை நீதிமன்றம் கணக்குக் கேட்கும்போது நம் கணக்கும் மேசையில் இருக்க வேண்டும்.

ஜெய் பீம்!