தேயிலைக்குப் பாட்டு, எரிவாயுவுக்குப் பேச்சு

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் 'சாங் ஆஃப் சிலோன்' படத்தைக் கணினியில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1934இல் எடுத்த படம். நாற்பது நிமிடத்துக்குள் முடிந்துவிடும். நண்பரின் தாயார் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தப் பக்கம் வந்தவர். அக்கரையிலும் கொழுந்து எடுத்தவர், இக்கரையிலும் எடுத்தவர். அடுப்படியிலிருந்து வந்து நின்றபடியே கொஞ்சநேரம் பார்த்தார். செடிகளுக்கு நடுவில் கூடையோடு பெண்கள் வந்த இடத்தில் கேட்டார்: "என்னா தம்பி, இவுங்க ஒண்ணுமே பேசமாட்டேங்கிறாங்க? கொழுந்து எடுக்கிறப்ப வாய் சும்மாவா இருக்கும்?"

அது மௌனப்படக் காமிராவில் எடுத்தது, ஒலியெல்லாம் பிறகு லண்டனில் சேர்த்தது என்று நான் விளக்கினேன். "அப்பறம் சேக்கிறப்ப இவுங்க பேச்சையும் சேத்திருக்கலாமே" என்றார். நியாயம்தான். தொழில்நுட்பத்தைச் சாக்காக வைத்துத் தப்பிக்கப் பார்த்த நான் அத்தோடு வாயை மூடிக்கொண்டேன். இந்தக் கட்டுரை அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதிலின் ஒரு பகுதி.

ஆவணப்படத்தையும் விளம்பரப்படத்தையும் இரண்டு சாதிகளாகப் பிரித்து, முன்னதை மேலேயும் பின்னதைக் கீழேயும் வைக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. திரைப்படச் சங்கங்களில் வளர்ந்த என் தலைமுறைக்கு இது கிட்டத்தட்ட ஒரு நம்பிக்கை. ஆனால் இரண்டும் ஒரே கூரையின்கீழ், ஒரே ஆட்களின் கையால், ஒரே கணக்குப் புத்தகத்திலிருந்து பிறந்தவை. ஃப்ளாஹெர்ட்டியின் 'நானூக்' (1922) ஒரு பிரெஞ்சு கம்பளித்தோல் வணிக நிறுவனத்தின் பணத்தில் உருவானது. பிரிட்டனில் ஜான் கிரியர்சன் ஆவணப்பட இயக்கத்தைத் தொடங்கிய இடம் 'பேரரசுச் சந்தைப்படுத்தல் வாரியம்'. காலனிகளின் வெண்ணெயையும் பழத்தையும் பிரிட்டிஷ் இல்லத்தரசிகள் வாங்கவேண்டும் என்று பிரச்சாரம் செய்ய 1926இல் அமைக்கப்பட்டது அது. 1933இல் வாரியம் மூடப்பட்டபோது அதன் படப்பிரிவு அப்படியே தபால்துறைக்குப் போயிற்று. அங்கே தபால்துறைக்கும் படம் செய்வார்கள். வெளியாருக்கும் கூலிக்குச் செய்து கொடுப்பார்கள். லென் லை 1935இல் படச்சுருளின் மீதே வண்ணம் தீட்டிய 'எ கலர் பாக்ஸ்' இன்று அரூபக் கலையின் முன்னோடி என்று கொண்டாடப்படுகிறது. அது பார்சல் தபால் கட்டணத்துக்கான விளம்பரம்.

இலங்கைத் தேயிலைப் பிரச்சார வாரியம் இந்தப் பிரிவின் வெளி வாடிக்கையாளர்களில் ஒன்று. வாரியத்தின் லண்டன் வேலையைக் கவனித்தவர் ஜெர்வாஸ் ஹக்ஸ்லி; முன்பு பேரரசு வாரியத்தின் விளம்பரத்தில் இருந்தவர். கொடுப்பவரும் வாங்குபவரும் பழைய சகாக்கள். கேட்டது நான்கு சிறு பயணப் படங்கள். பாசில் ரைட் என்ற இளைஞர் ஜான் டெய்லரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு இலங்கைக்குப் போய், திரும்பி வந்து, நான்கையும் ஒரே கவிதையாக்கினார். 1935இல் பிரஸ்ஸல்ஸ் திரைப்பட விழாவில் முதல் பரிசு. கிரஹாம் கிரீன் போன்றோர் புகழ்ந்தார்கள். படம் அழகானது, சந்தேகமில்லை. நானே ஐந்தாறு தடவை பார்த்திருக்கிறேன்.

பணம் எங்கிருந்து வந்தது? தேயிலை ஏற்றுமதிமீது விதித்த தீர்வையிலிருந்து. அது எந்தக் காலம்? பொருளாதார மந்தம். தேயிலை விலை விழுந்துகிடந்தது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சுக் கிழக்கிந்தியா மூன்றிடத்து உற்பத்தியாளரும் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் போட்டார்கள். ஒருபுறம் சரக்கைக் குறைப்பது, மறுபுறம் விளம்பரத்தால் குடிப்பவரைக் கூட்டுவது, மூன்றாவதாகக் கூலியைக் குறைப்பது. 1927ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத் தொழிலாளருக்கு உறுதிசெய்த குறைந்தபட்சக் கூலி முப்பதுகளின் தொடக்கத்தில் மந்தத்தின் பெயரால் வெட்டப்பட்டது. படமும் கூலிவெட்டும் ஒரே நெருக்கடியின் இரண்டு கைகள்.

மலையில் அப்போது மௌனமா நிலவிற்று? இல்லவே இல்லை. தஞ்சாவூரிலிருந்து போன பத்திரிகைக்காரர் கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தொடங்கியிருந்தார். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாட்டுப் பாடியே தொழிலாளரிடம் விஷயத்தைக் கொண்டுபோனவர். லயத்திலும் மலையிலும் ஒப்பாரி, தாலாட்டு, கங்காணியையும் துரையையும் கேலி செய்யும் பாட்டு என்று ஒரு பெரிய வாய்மொழி உலகம் இருந்தது. 'இலங்கையின் பாட்டு' என்று பெயர் வைத்த படத்தின் ஒலித்தடத்தில் அந்தப் பாட்டு ஒன்றுகூட ஏறவில்லை.

இதை ரைட்டின் தனிப்பட்ட அலட்சியம் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. படத்தின் மூன்றாம் பகுதியான 'வணிகத்தின் குரல்கள்' இன்றும் ஆச்சரியப்படுத்துகிறது. தேங்காய் பறிப்பவன் மரமேறுகிறான், யானை மரத்தை முட்டித் தள்ளுகிறது. மேலே லண்டன் சந்தை விலைகள், கப்பல் அறிவிப்புகள், வணிகக் கடித வாசகங்கள். படமும் ஒலியும் ஒன்றையொன்று உறுத்துகின்றன. தேயிலைக்காரர் காசில் வணிகத்தின் ஊடுருவலையே காட்டிவிட்டார் என்று முற்போக்கு விமர்சகர்கள் பலர் மெச்சுவது இந்தப் பகுதியைத்தான். மெச்சட்டும். ஆனால் இந்த எதிர்நிலை எதற்கும் எதற்கும் நடுவே அமைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒருபுறம் வணிகம். மறுபுறம் புத்தர், யாத்திரை, மாறாத கிராமம், கண்டி நடனம். வணிகத்தாலேயே உருவாக்கப்பட்டு, வணிகத்தாலேயே பிழியப்பட்ட ஒருத்திக்கு இந்தக் கட்டமைப்பில் நிற்க இடம் எங்கே? அவள் பழமையும் இல்லை, சந்தை விலையும் இல்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கமிருந்து கங்காணியின் கடன்சீட்டில் வந்தவளின் பேத்தி. படம் அவளைக் காட்டுகிறது, கைகள் அழகாக ஓடுகின்றன. யார் அவள் என்று மட்டும் சொல்வதில்லை.

வர்ணனையைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். லயனல் வெண்ட் வாசிக்கிறார். கொழும்பின் பறங்கியர் சமூகத்தவர், பியானோக் கலைஞர், பெரிய புகைப்படக்காரர். பிறகு '43 குழு' ஓவியர்களைச் சேர்த்தவர். அவர் வாசிப்பது ராபர்ட் நாக்ஸின் பிரதி. கண்டி ராஜ்யத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாக இருந்து தப்பிய ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட புத்தகம். 1681இல் இலங்கையில் தேயிலைத் தோட்டம் ஏது? லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை பயிரிட்டது 1867இல். அதாவது தேர்ந்தெடுத்த வர்ணனையே தோட்டத் தொழிலாளரை அறிந்திருக்க முடியாத வர்ணனை! யாரையும் வெட்டி எறிய வேண்டியதில்லை, தணிக்கை தேவையில்லை. இருநூற்றைம்பது ஆண்டுக்கு முந்திய கண்ணை வாங்கி மாட்டிக்கொண்டால் போதும்; கண்ணெதிரே நிற்பவள் தானாக மறைந்துவிடுவாள்.

முதல் பகுதியில் யாத்திரிகர்கள் ஏறும் மலையையும் சொல்லவேண்டும். சிங்கள மக்களுக்கு ஸ்ரீபாத, தமிழருக்குச் சிவனொளிபாதமலை. ஹட்டன், மஸ்கெலியா வழியாக அங்கே போகிறவர்கள் தேயிலைத் தோட்டங்களைக் கடந்துதான் போகவேண்டும். படத்தில் மலை மலையாக இருக்கிறது, பக்தி பக்தியாக இருக்கிறது. தேயிலை வேறொரு அத்தியாயத்தில், வேறொரு உலகத்தில் வருகிறது.

1948இல் இலங்கையின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964இல் இரண்டு பிரதமர்கள் ஐந்தேகால் லட்சம் உனக்கு, மூன்று லட்சம் எனக்கு என்று பங்கு பிரித்தார்கள். மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாக்கிக்கொண்டார்கள். ஒரு கவித்துவப் படம் அந்தச் சட்டத்தை எழுதியது என்று சொல்லும் முட்டாள்தனத்தை நான் செய்யமாட்டேன். ஆனால் இந்த மண்ணின் ஆதிக் கதையில் இவர்களுக்கு இடமில்லை என்ற பார்வை இரண்டுக்கும் பொது.

இனி அடுத்த ஆண்டு, லண்டனின் கிழக்கே ஸ்டெப்னி குடிசைப் பகுதி. 'ஹவுசிங் பிராப்ளம்ஸ்' (1935). இயக்கியவர்கள் ஆர்தர் எல்டன், எட்கர் ஆன்ஸ்டி; இருவரும் அதே கிரியர்சன் பட்டறையாட்கள். காமிரா, இலங்கைக்குப் போய்வந்த அதே ஜான் டெய்லர். இந்தமுறை காசு கொடுத்தவர் எரிவாயு நிறுவனங்களின் சங்கம். மின்சாரம் போட்டிக்கு வந்துவிட்ட நேரம் அது. குடிசை இடிந்து அடுக்குமாடி எழுந்தால் அங்கே எரிவாயு அடுப்பு போகும். ஆகவே குடிசை மாற்றத்துக்குப் பிரச்சாரம். படத்தில் 'வாங்குங்கள்' என்ற சத்தமே இல்லை. அதற்குப் பதிலாக, அதுவரை திரையில் அநேகமாக நிகழாத ஒன்று நிகழ்ந்தது. ஒலிப்பதிவுக் கருவிகள் அந்த இடுக்குச் சந்துகளுக்குள் போயின. சாயும் சுவர், மூட்டைப்பூச்சி, எலி எல்லாவற்றையும் அங்கே வாழ்ந்தவர்களே நேராக நின்று, தங்கள் பேச்சுமொழியில் சொன்னார்கள். எலியை அடித்த கதையைச் சொல்லும் பெண்ணுக்கு எந்த நடிகையும் ஈடில்லை. கிரியர்சனின் தங்கை ரூபி கிரியர்சன்தான் அவர்களைப் பேசவைத்தவர். காமிரா உங்களுடையது, மைக் உங்களுடையது, இங்கே வாழ்வது எப்படியென்று அந்தப் பாவிகளுக்குச் சொல்லுங்கள் என்ற பொருளில் அவர் சொன்னதாகப் பதிவு உண்டு. (1940இல் படமெடுக்கப் போன கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியதில் இறந்துபோனார்.)

மைக் உண்மையிலேயே அவர்களுடையதா? அவர்கள் பேசினார்கள், அது பெரிய விஷயம், குறைக்க மாட்டேன். வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர்கூடக் காமிரா முன் நிறுத்தப்படவில்லை. தீர்வு என்ன என்று பேசியவர் மாநகர சபை உறுப்பினர், பிறகு நிபுணர் குரல். துன்பத்தைச் சொல்ல ஏழை, தீர்வைச் சொல்ல படித்தவர் என்று தொண்டு நிறுவனப் படங்களில் நாம் இன்றுவரை பார்க்கும் வேலைப் பிரிவினை அங்கே பிறந்துவிட்டது.

விளிம்புநிலையோர் பேசமுடியுமா என்று காயத்ரி ஸ்பிவாக் 1988இல் கேட்ட கேள்வியை நம் பத்திரிகைகளில் அலுக்க அலுக்கப் பேசியாயிற்று. இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கேள்வி சற்றுப் புழுதிபடிந்ததாக மாறுகிறது. ஒரே பட்டறை, இரண்டிலும் ஜான் டெய்லர், ஓராண்டு இடைவெளி. எரிவாயுக்காரருக்கு ஸ்டெப்னிப் பெண் பேசினால் லாபம், பேசினாள். தேயிலைக்காரருக்குக் கொழுந்து எடுப்பவள் பேசினால் நட்டம். கூலியைப் பற்றியல்லவா பேசியிருப்பாள்! புரவலர் படத்துக்குள் தன் பெயரை எழுதவேண்டிய அவசியமே இல்லை.

இந்தப் பட்டறை இன்னும் மூடப்படவில்லை, இடம் மாறியிருக்கிறது. நியூயார்க்கில் 1993இல் தொடங்கிய 'ரேடிக்கல் மீடியா' என்ற நிறுவனம் (பெயரைப் பாருங்கள்) விளம்பரப்படத்தில் வளர்ந்து, ஆவணப்படத்திலும் பேர் வாங்கியது. எரல் மோரிஸின் 'தி ஃபாக் ஆஃப் வார்' (2003) தயாரிப்பில் அதற்குப் பங்குண்டு. வியத்நாம் போரை நடத்திய மக்நமாரா காமிராவை நேராகப் பார்த்துப் பேசும் படம். அதற்கு முந்திய ஆண்டு, 2002இல், அதே மோரிஸ் ஆப்பிள் கணினிக்கு எடுத்த விளம்பரங்களிலும் சாதாரண மனிதர்கள் வெள்ளைப் பின்னணியில் நின்று காமிராவை நேராகப் பார்த்து, ஏன் கணினியை மாற்றினோம் என்று சொன்னார்கள். 2004இல் அதே பாணியில், புஷ்ஷுக்கு முன்பு ஓட்டுப் போட்டவர்கள் ஏன் இம்முறை மாறுகிறோம் என்றார்கள். போர்க்குற்றம், கணினி, ஓட்டு மூன்றுக்கும் ஒரே சாட்சிக்கூண்டு. ஸ்டெப்னியில் எரிவாயுக்காரர் கண்டுபிடித்தது வீண்போகவில்லை. இதற்காக மோரிஸைத் தூற்றவும் எனக்கு மனமில்லை. 'தி தின் ப்ளூ லைன்' (1988) வெளியான மறு ஆண்டே, கொலைக்குற்றம் சாட்டப்பட்டு மரணதண்டனை வரை போன ஒருவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். நம்மில் யார் படத்துக்கு அப்படி நடந்திருக்கிறது?

அந்த நிறுவனத்தோடு பணியாற்றிய இன்னொருவர் ஜோ பெர்லிங்கர். ஈக்வடாரின் எண்ணெய்க் கழிவு பற்றிய அவருடைய 'க்ரூட்' (2009) படத்துக்காக எடுத்த சுமார் 600 மணிநேரப் பதிவைக் கொடு என்று செவ்ரான் நிறுவனம் 2010இல் நீதிமன்றம் போனது. பாதிக்கப்பட்ட மக்களின் வழக்குரைஞர் கேட்டுக்கொண்டு எடுத்த படம், அவர் தரப்பு சொல்லி ஒரு காட்சியை மாற்றியிருக்கிறீர்கள், ஆகவே சுயேச்சையான பத்திரிகையாளருக்குரிய பாதுகாப்பை நீங்கள் கோரமுடியாது என்று 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்குரைஞரின் நடத்தையைப் பற்றிப் பின்னால் வந்த தீர்ப்புகள் கடுமையானவை. அவருக்காக நான் வாதாடவில்லை. படம் யார் சொல்லி எடுக்கப்பட்டது என்ற கேள்வி சட்டப்படி எழுந்து, அதற்கு விலை கொடுக்கநேர்ந்த தருணம் இது என்பதால் குறிப்பிடுகிறேன். தேயிலை வாரியத்தின் படத்துக்குப் பரிசுதான் கிடைத்தது.

பணம் பற்றி இன்னொன்று. அபு கிரைப் சிறைப் புகைப்படங்கள் பற்றிய 'ஸ்டாண்டர்ட் ஆபரேட்டிங் ப்ரொசீஜர்' (2008) படத்தில் பேசிய சிலருக்கு மோரிஸ் காசு கொடுத்தார் என்று தெரிந்தபோது பெரிய சர்ச்சையாயிற்று. காசு வாங்கிய சாட்சியம் செல்லுமா என்றார்கள். படமெடுத்தவர் காசு வாங்கினார், ஒளிப்பதிவாளர் வாங்கினார், விநியோகஸ்தர் வாங்கினார். பேசியவர் வாங்கினால் மட்டும் உண்மை கெட்டுப்போகிறது.

கோத்தகிரியில் அன்றைக்கு அந்தத் தேயிலைக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார் நண்பரின் தாயார். இரண்டாம் தடவை உட்கார்ந்து பார்த்தார். கை நல்லா ஓடுது என்றார். தோட்டத்தில் ஒருநாள் கூலியைப் புத்தகத்தில் பதிவதைப் 'பேர் போடுவது' என்பார்கள். எடை குறைந்தால் அரைப் பேர். "படம் புடிக்கிறவுங்க நிறுத்து நிறுத்துன்னு சொல்லியிருப்பாங்கல்ல, அதுல எடை கொறஞ்சிருக்கும்" என்றவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அன்னிக்கி இவுங்களுக்கு முழுப் பேரு போட்டாங்களா, அரைப் பேரா தம்பி?"