கிண்டிக்குப் போன மனுக்கள்: தமிழக ஆளுநர் பதவியும் கட்சி அரசியலும், 1952–2025

கீரனூரில் இருக்கும் ஒருவர் பட்டா மாறுதலுக்கோ முதியோர் உதவித்தொகைக்கோ மனு கொடுக்க வேண்டுமென்றால், திங்கள்கிழமை காலையில் பழனிக்கு வந்து, பஸ் மாறி, திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். வாசலில் அட்டையை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பவர் ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்று தொடங்கி எழுதித் தருவார். உள்ளே அதைக் கணினியில் பதிந்து, எண் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கொடுப்பார்கள். சீட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஊர் திரும்புவார். மனு நீட்டும் ஒவ்வொரு முறையும், வாங்கிக்கொள்பவருக்கு அதிகாரம் உண்டு என்று நாம் ஒப்புக்கொள்கிறோம்.

தமிழக ஆளுநர் பதவியின் வரலாற்றை இந்தக் கோணத்தில் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. டெல்லி தன் ஆளை அனுப்பி மாநிலத்தை ஆட்டிவைத்த கதையாகவே அது பெரும்பாலும் எழுதப்படுகிறது. அதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். கிண்டி மாளிகையில் இருக்கும் ஆளுநரிடம் மனு கொண்டுபோய், அவர் கை ஓங்குவதற்கு வழி செய்தவர்கள் மாநிலக் கட்சிக்காரர்களே.

அரசியலமைப்பு வரைவில் மாகாண மக்களே ஆளுநரைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற யோசனை முதலில் இருந்தது. மக்கள் வாக்குப் பெற்ற முதல்வர் ஒருவர், ஆளுநர் ஒருவர் என இருவர் இருந்தால் மோதல் வரும் என்று அஞ்சி, 1949 மே இறுதியில் அரசியல் நிர்ணய சபை நியமன முறைக்கு மாறியது. கட்சிச் சண்டைக்கு அப்பாற்பட்ட பெரியவர் ஒருவர் வந்து அமர்வார் என்று அப்போது பேசியவர்கள் உண்மையாகவே நம்பினார்கள்.

அந்த நம்பிக்கைக்கு முதல் சோதனை மூன்றே ஆண்டுகளில் சென்னையில் வந்தது. 1952 பொதுத் தேர்தலில் 375 இடங்கள் கொண்ட சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் காங்கிரஸ் 152 இடங்களே பெற்றது. கம்யூனிஸ்டுகளும் பிறரும் சேர்ந்த ஐக்கிய ஜனநாயக முன்னணி, த. பிரகாசத்தைத் தலைவராக வைத்து, 166 பேர் தங்கள் பக்கம் என்றது. ஆளுநர் ஸ்ரீபிரகாசா அழைத்தது ராஜாஜியை. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. மேலவைக்கு அவரை நியமன உறுப்பினராக்கி, 1952 ஏப்ரல் 10 அன்று முதல்வராகப் பதவியேற்க வைத்தார்கள். இலக்கியம், அறிவியல், கலை, கூட்டுறவு, சமூகத் தொண்டு ஆகியவற்றில் தேர்ந்தவர்களுக்கான நியமன இடம் முதல்வர் நாற்காலிக்கு ஏணியானது. கம்யூனிஸ்ட் தலைவர் பி. ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், வழக்கு நிற்கவில்லை. ஜூலையில் ராஜாஜி அவையில் பெரும்பான்மையைக் காட்டிவிட்டார் என்பது உண்மை. ஆனால் யாரை முதலில் கூப்பிடுவது என்ற ஒரே முடிவு, பெரும்பான்மை இல்லாதவருக்கு அதைத் திரட்டிக்கொள்ளும் அவகாசத்தைக் கொடுக்கிறது. ஆளுநரின் அதிகாரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை நாடு அந்த வசந்த காலத்தில்தான் கண்டுகொண்டது.

அன்று சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த பி. வி. ராஜமன்னாரையே 1969இல் கலைஞர் கருணாநிதியின் திமுக அரசு மத்திய, மாநில உறவுகளை ஆராயும் குழுவுக்குத் தலைவராக்கியது. 1971இல் வந்த அறிக்கை, மாநில அமைச்சரவையைக் கலந்தே ஆளுநரை நியமிக்க வேண்டும் என்றது. ஆட்சியைக் கலைக்கப் பயன்படும் 356ஆம் பிரிவை நீக்கவும் சொன்னது. 1974 ஏப்ரலில் சட்டமன்றம் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் எங்கள் வட்டாரம் வருகிறது. 1972 அக்டோபரில் திமுகவிலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.ஆர்., நவம்பரில் தொண்டர்களோடு ஊர்வலமாகப் போய் ஆளுநர் கே. கே. ஷாவிடம் அமைச்சர்கள் மீதான ஊழல் புகார் மனுவைக் கொடுத்தார். கம்யூனிஸ்ட் தலைவர் எம். கல்யாணசுந்தரமும் மனு கொடுத்தார். அந்த மனுவுக்கு மக்கள் மன்றத்தில் முதல் வாக்கெடுப்பு என்று சொல்லத்தக்கது 1973 மே மாதத் திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல். இரட்டை இலைச் சின்னம் அறிமுகமானது அதில்தான். எம்.ஜி.ஆர். தொடங்கிய அதிமுகவின் வேட்பாளர் மாயத்தேவர் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஆளும் திமுக மூன்றாம் இடத்துக்குப் போனது. திண்டுக்கல் அப்போது மதுரை மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1985இல்.

வாக்காளர் தன் தீர்ப்பை வாக்குப் பெட்டியில் சொன்னார். அதோடு அது நின்றிருந்தால் நம் கூட்டாட்சிக்கு நல்லதாக இருந்திருக்கும். நெருக்கடி நிலையைத் திமுக எதிர்த்தது. சட்டமன்றக் காலம் முடிய இரண்டு மாதங்கூட இல்லாத நிலையில், 1976 ஜனவரி 31 அன்று கே. கே. ஷாவின் அறிக்கையைக் காட்டி ஆட்சி கலைக்கப்பட்டது. பழைய மனுக்களிலிருந்த புகார்கள் சர்க்காரியா விசாரணை ஆணையத்துக்குப் போயின.

நான்கே ஆண்டுகளில் காட்சி திரும்பியது. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் இந்திரா காங்கிரசும் திமுகவும் சேர்ந்து தமிழகத்தின் 39 இடங்களில் 37ஐ வென்றன. மக்களவையில் தோற்றவர் மாநிலத்தை ஆளும் உரிமையை இழந்துவிட்டார் என்று சொல்லி, பிப்ரவரி 17 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். 1977இல் ஜனதா அரசு ஒன்பது மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சிகளை அகற்ற இதே வாதத்தைப் பயன்படுத்தியிருந்தது. ராஜமன்னார் குழுவை அமைத்த கட்சி இந்தக் கலைப்பை வரவேற்றது என்பதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். அடுத்த சட்டமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆருக்கு 129 இடங்கள். டெல்லிக்கு ஒரு கணக்கு, கோட்டைக்கு ஒரு கணக்கு என்று வாக்காளர் பிரித்துப் போட்டார். ஜனதா காலத்தில் வந்த ஆளுநர் பிரபுதாஸ் பட்வாரியும் அதே ஆண்டு அக்டோபரில் பதவியிலிருந்து நீக்கப்பட்டார்.

எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பின் முதல்வரான அவர் மனைவி ஜானகி ராமச்சந்திரனின் ஆட்சி, 1988 ஜனவரியில் அவையில் அடிதடி நடந்த நம்பிக்கை வாக்கெடுப்புக்கு இரண்டே நாளில் போனது. அந்த ஒரு கலைப்புக்கு மட்டும் ஓரளவு காரணம் சொல்ல முடியும்.

1991 வேறு விதம். விடுதலைப் புலிகள் விவகாரத்தைக் காட்டிக் காங்கிரசும் அதிமுகவும் கலைஞர் ஆட்சியைக் கலைக்கக் கேட்டன. காங்கிரஸ் தயவில் நின்ற சந்திரசேகர் அரசு, ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலாவிடம் அறிக்கை கேட்டது. அவர் எழுதித் தரவில்லை. அகாலி தளத்துக்காரர், பஞ்சாப் முதல்வராக இருந்தபோது தன் ஆட்சியே 1987இல் கலைக்கப்பட்டதைப் பார்த்தவர். 356ஆம் பிரிவில் ஆளுநர் அறிக்கை ‘அல்லது வேறு வகையில்’ என்றிருக்கும் சொற்களைப் பிடித்து, ஜனவரி 30 அன்று டெல்லி கலைத்துவிட்டது. பீகாருக்கு மாற்றப்பட்ட பர்னாலா பதவியைத் துறந்தார். ஆளுநர் மறுத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு இந்த வரலாற்றில் கிடைக்கும் ஒரே நேர்மையான விடை அவர்தான். 2004இல் அவர் மறுபடியும் தமிழக ஆளுநராக வந்தார்.

1994 பொம்மை வழக்குத் தீர்ப்பு, பெரும்பான்மையை அவையில்தான் அளக்க வேண்டும், கலைப்பை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்று வரம்பு கட்டியது. 1991க்குப் பிறகு தமிழகத்தில் 356 பாயவில்லை. அதிகாரம் வேறு வாய்க்காலில் ஓடத் தொடங்கியது: கையெழுத்துப் போடாமல் வைத்திருப்பது.

நீட் தேர்வில் தேறிய அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் மசோதா 2020 செப்டம்பரில் நிறைவேறியது. கலந்தாய்வு நெருங்கியும் ஆளுநர் பன்வாரிலால் புரோகித் ஒப்புதல் தரவில்லை. அக்டோபர் 29 அன்று எடப்பாடி பழனிசாமி அரசு அரசாணையாகவே வெளியிட்டது. மறுநாள் ஒப்புதல் வந்தது. அந்த ஆண்டு முந்நூறுக்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது. கீரனூர் போன்ற ஊர்ப் பள்ளியில் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு அந்த ஆறு வாரத்தின் கனம் தெரியும். அன்று ஆண்டது அதிமுக. ஒப்புதல் கேட்டு ஆளுநர் மாளிகை முன் போராடியது திமுக. இருவரும் ஒரே பக்கம் நின்ற அபூர்வமான நேரம் அது.

அடுத்து வந்த ஆளுநர் ஆர். என். ரவி காலத்தில் தேங்கியவற்றில் மிகப் பழைய மசோதா 2020 ஜனவரியில், அதிமுக ஆட்சியில் நிறைவேறியது. 2023 நவம்பரில் அவர் திருப்பி அனுப்பிய 10 மசோதாக்களைச் சட்டமன்றம் மறுபடியும் நிறைவேற்ற, அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம் அது தவறு என்று கூறி, பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே அறிவித்தது. அதே மாதம் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் தமிழக அரசு மத்திய, மாநில உறவுகளை ஆராயப் புதிய குழுவை அமைத்தது. நவம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, தானாக ஒப்புதல் என்பதும் இல்லை என்று கருத்துச் சொன்னது. காரணமில்லாமல் காலவரையின்றி வைத்திருந்தால் மட்டும் நீதிமன்றம் தலையிடலாம் என்றது.

ஆக, சட்டமன்றம் நிறைவேற்றி அனுப்பும் மசோதாவுக்கு இத்தனை நாளில் பதில் என்ற கணக்கு இன்றும் இல்லை. கீரனூர்க்காரர் சட்டைப் பையில் இருக்கும் சீட்டிலாவது, போய்க் கேட்பதற்கு ஓர் எண் இருக்கிறது.