அறுமீன் தந்த பெயர்

கார்த்திகைத் திங்களில் அந்தி மங்கியதும் கீழ்வானில் விண்மீன் கூட்டமொன்று எழும். வெறுங்கண்ணுக்குப் பெரும்பாலும் ஆறே தோன்றுவதாற் சங்கப் புலவர் அதனை அறுமீன் என்றனர். முழுமதி அதனைச் சேரும் இரவில் மூதூர்த் தெருக்களில் விளக்கேற்றி விழவெடுத்ததை அகநானூற்றின் 141ஆம் பாட்டில் நக்கீரர் பாடினார்.

கிரேக்கர் அங்கே ஏழு சகோதரிகளைக் கண்டனர். ஒருத்தி மறைந்தாள் என்றும் கதை சொல்லினர். கந்தபுராணம் கண்டதோ பாலூட்டிய அறுவரை. பெற்றவரல்லர், வளர்த்தவர். ஆயினும் சரவணப் பொய்கைக் குழந்தை அவர் பெயராலேயே கார்த்திகேயன் ஆனான். அவர்களுடைய நாளே அவனை வழிபடும் நாளுமாயிற்று. செவிலித்தாயருக்கு இதனினும் பெரிய நன்றியை எந்தப் புராணம் செலுத்தியது?

1610இல் கலிலியோ தொலைநோக்கியால் நோக்கி, அக்கூட்டத்தில் 36 மீன்களை வரைந்து காட்டினார். இன்று ஆயிரத்துக்கு மேல் அறியப்பட்டுள்ளன. அவற்றின் ஒளி பூமியை அடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் செல்லும். இன்றிரவு கண்ணிற் படும் கதிர் புறப்பட்டபோது, 1619இல் வீழ்ந்த யாழ்ப்பாண அரசு இன்னும் நிலைத்திருந்தது. விளக்கீட்டு நாளில் வாசலில் வாழைக்குற்றி நட்டுச் சுடரேற்றும் யாழ்ப்பாணத்து வீட்டார், தலை நிமிர்ந்தால் முழுமதியின் அருகே மங்கலாக அவ்வொளியைக் காண்பர்.