பந்தர்: சோலையிலும் துறையிலும்

ஒலியொப்புமை ஒன்றையே துணையாகக் கொண்டு சொல்லின் பிறப்பைத் துணிவது ஆராய்ச்சிக்கு ஊறு விளைப்பதாகும். இதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. வடசென்னைக் கடற்கரையே போதும். இராயபுரத்தில் துறைமுகத்தைப் பேச்சுவழக்கில் 'ஆர்பர்' என்பர். ஆங்கிலச் சொல்லின் முதலில் நின்ற மூச்சொலி தமிழ் நாவில் மறைந்துவிடுகிறது. திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்கூடங்களிலோ, வெட்டுகருவியைக் கோத்துச் சுழலவிடும் தண்டுக்கு 'ஆர்பர்' என்று பெயர். கொடி படர்ந்த தோட்டப் பந்தரையும் ஆங்கிலேயர் 'ஆர்பர்' என்றே ஒலிப்பர். துறைமுகச் சொல், படைஞர் தங்குமிடம் எனப் பொருள்தரும் பழைய ஆங்கிலத் தொகைச்சொல்லின் வழியது. தண்டின் பெயர், மரத்தைச் சுட்டும் இலத்தீனச் சொல்லின் வழியது. தோட்டப் பந்தரின் பெயரோ, புல் பூண்டைக் குறிக்கும் சொல்லிற் பிறந்து, பழைய பிரெஞ்சு மொழியூடே வந்து, பிற்காலத்தே மரச்சொல்லோடு மயங்கி எழுத்து மாறியது. வடிவம் ஒன்று, குடி மூன்று.

இம்மயக்கம் தமிழ்ச் சொல்லொன்றன் ஆராய்ச்சியிலும் நேர்ந்துள்ளது. அச்சொல் 'பந்தர்' என்பது. பந்தல் என்பதன் கடைப்போலி இஃது என்பதை இலக்கணம் பயின்றார் அனைவரும் அறிவர். சங்க நூல்களில் முல்லை முதலிய கொடிகள் படரும் நிழலிடமாக இது பயில வழங்குகின்றது. ஆயின் பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்னும் ஊரொடு சேர்த்துப் பந்தர் என்னும் ஊரும் பேசப்படுகின்றது. கொடுமணம் அரிய அணிகலன்களுக்கும், பந்தர் முத்துக்கும் பெயர்பெற்றவை. நொய்யற்கரைக் கொடுமணலில் 1980-களில் தொடங்கிய அகழாய்வுகள் மணி செய்தொழிலின் சிறப்பை வெளிப்படுத்தியபின், அப்பாடல்கள் கூறும் செய்தியின் மதிப்பு மிகுந்தது. பந்தர் என்னும் ஊர்ப்பெயரோ, துறைமுகத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லே என்றும், அயல்நாட்டு வணிகர் இட்ட பெயர் என்றும் அறிஞர் சிலர் கருதினர். இது சிறிய வேறுபாடன்று. அக்கருத்தை ஏற்பின், சேரர் துறையொன்று தன் பெயரையே அயலாரிடம் பெற்றதாக வரலாறு எழுத நேரும்.

நாம் அதனை ஏற்பதற்கில்லை. முதற்கண் அப்பதிற்றுப்பத்தையே நோக்குவோம். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய ஐம்பத்தைந்தாம் பாட்டில், தாழை மணக்கும் பெருந்துறையில், கடல்வழி வந்த நற்கலன்களாகிய செல்வம் பந்தரில் தங்கிக் கிடப்பதாகக் கூறப்படுகின்றது. ஈண்டுப் பந்தர் என்பது துறையன்று. துறைக்கண் அமைந்த சரக்குக் கொட்டகை. சோலையில் கொடியைத் தாங்கிய அமைப்பே கரையில் பண்டத்தைக் காத்தது. கொட்டகையின் பெயர் அதனைச் சூழ்ந்த ஊருக்கு ஆவது இயல்பே. இத்தகைய கொட்டகையின் இன்றியமையாமை சென்னைக்குப் புதிதன்று. 1861-இல் இரும்புத் தூண்பாலம் அமையும்வரை, கப்பல்கள் திறந்த கடலில் நிற்க, மசூலாப் படகுகளே அலைகளைக் கடந்து சரக்கை மணலில் இறக்கின. 1876-இல் தொடங்கிய துறைமுகக் கட்டடம் 1881-ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்தது. அலைவாய்க்கரையில் இறங்கிய பண்டத்துக்கு வெயிலும் மழையும் படாத கூரையே முதல் தேவை.

இனி மொழிச்சான்று. தமிழ் எழுத்து வல்லொலிக்கும் அதன் மெல்லிய ஒலிப்புக்கும் தனித்தனி வரிவடிவம் கொள்ளாமையால், இரு சொற்களும் நம் ஏட்டில் ஒன்றாய்த் தோன்றுகின்றன. தெலுங்கில் அவ்வாறில்லை. அங்குப் பந்தல் 'பந்திரி'; அதன் முதலெழுத்து நம் பகரம்போல் வன்மையாகவே ஒலிக்கும். மசூலிப்பட்டினத்தின் வழக்குப் பெயரான 'பந்தரு' என்பதன் முதலெழுத்தோ, 'பந்தம்' என்னும் வடசொல்லிற்போல் மெலிந்து ஒலிக்கும். இரண்டையும் தெலுங்கர் ஒருபோதும் மயக்குவதில்லை. கன்னடத்தில் பந்தல் 'ஹந்தர' ஆயிற்று. சொன்முதற் பகரம் ஹகரமாகும் பழைய கன்னட மாற்றத்திற்கு இச்சொல்லும் உட்பட்டதாதலின், இது திராவிட மொழிகளின் பொதுச்சொத்தென்றே கொள்ளலாம். பந்தல் 'பந்தம்' என்னும் வடசொல்லடியாகப் பிறந்தது என்பார் கூற்றும் இதனாலேயே வலியிழக்கின்றது.

பாரசீகச் சொல் இந்தியப் பெருங்கடலெங்கும் பரந்த செய்தி நாம் மறுப்பதன்று. அதன் பெருவழக்கு இடைக்காலத்தது. பதினைந்தாம் நூற்றாண்டு மலாக்காவில் துறைத்தலைவர் 'சாபந்தர்' எனப்பட்டனர். அந்நால்வருள் ஒருவர் தமிழ் வணிகர் உள்ளிட்ட கீழ்க்கடல் வணிகர்க்கு உரியவர். பாரசீகத்தின் பந்தர் அப்பாசு, அங்குப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட மன்னன் பெயரால் அமைந்தது. தமிழிலோ துறைக்குப் பொதுப்பெயராகப் 'பந்தர்' வேரூன்றவேயில்லை. துறை, பட்டினம் என்பனவே நிலைத்தன.

நம் பந்தரோ வேறு வழியிற் பெருகிற்று. அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தர் அமைத்ததையும், பட்டீச்சரத்தில் ஞானசம்பந்தருக்கு முத்துப் பந்தர் கிடைத்ததையும் சேக்கிழார் பாடுகின்றார். அப்பந்தர்களில் நிழலே அறமும் சிறப்பும் ஆயிற்று. மணவினைக்கு நாள் குறித்தபின் முதற்கண் நடப்படுவது பந்தற்கால். ஒரு கோல் ஊன்றப்பட்ட அளவிலேயே பந்தல் தொடங்கியதாகக் கொள்வர். பேச்சில் அது 'பந்தக்கால்' ஆகும். இராயபுரத்துத் தெருக்களில் அதனை நடுவோர், அண்மையிலுள்ள துறையை 'ஆர்பர்' என்பாரேயன்றிப் பந்தர் என்பாரல்லர்.